தேவதைகளுக்கு வருகைப்பதிவு இல்லை

திருச்சியின் கல்லூரி வாழ்க்கையைத் தமிழ் உரைநடையில் தேடுகிறவர்களுக்கு எல்லாரும் இரண்டு ஆண்களைத்தான் கைகாட்டுவார்கள். ஒருவர் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, காவிரியைக் கடந்துபோய் செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். மற்றவர் அதே கல்லூரியில் 1954 வரை அதே இயற்பியலைப் படித்த அப்துல் கலாம். சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' இந்த ஊரின் இன்னொரு ஸ்தல புராணமாகிவிட்டது. வெளியூர் நண்பர்கள் ரங்கநாதரைச் சேவித்த கையோடு சித்திரை வீதியையும் பார்க்கக் கேட்கிறார்கள். கலாமின் 'அக்னிச் சிறகுகள்' 1999இல் ஆங்கிலத்தில் வந்து, தமிழுக்கு மாறி, பள்ளி ஆண்டு விழாக்களில் பரிசாகக் கொடுக்கும் புத்தகமாக நிலைபெற்றுவிட்டது.

முதுகலை வகுப்பில் சுஜாதாவின் கதைகளை வாசித்து முடித்த ஒரு மதியம், பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேடம், இதுல வர்ற பொண்ணுங்கல்லாம் எங்க படிச்சாங்க?" வகுப்பு சிரித்தது. எனக்கு அது நல்ல விமர்சனக் கேள்வியாகப் பட்டது. ஒரு பிரதியில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது எளிது. இருக்கிறவர்கள் என்ன செய்ய அனுமதிக்கப்படுகிறார்கள் என்று கேட்பது அடுத்த படி. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று புத்தகங்களுக்குள் போய்வர முயல்கிறேன்.

*

சுஜாதாவிடமிருந்து தொடங்கலாம். அவருக்குப் பெண்களின் துயரம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆகாதவர்கள், கைவிடப்பட்டவர்கள், மனம் பிறழ்ந்தவர்கள் என்று அக்ரகாரத்து வீடுகளின் உள்ளிருட்டை அவர் பார்த்திருக்கிறார். சிரிக்க வைத்துக்கொண்டே வந்து கடைசிப் பத்தியில் தொண்டையை அடைக்க வைப்பார். ஆனால் அந்தக் கதைகளில் பார்க்கும் கண் ஒரு பையனுடையது. ரங்கு கடையில் நிற்கிறவனும் கிரிக்கெட் ஆடுகிறவனும் வேலை தேடி ஊரைவிட்டுப் போகிறவனும் ஆண்தான். அறிவு அங்கே ஆணின் நோயாகவோ வேடிக்கையாகவோ வருகிறது. மேதைகளும் அரைமேதைகளும் ஆண்கள். பெண்களுக்குக் கிடைப்பது தேவதைப் பட்டம். தேவதை ஜன்னலில் தெரிவாள், கோயில் பிராகாரத்தில் கடந்து போவாள், கல்யாணமாகிப் போவாள், சில சமயம் செத்தும் போவாள். தேவதைக்கு ஹால் டிக்கெட் கிடையாது, அரியர் கிடையாது, வருகைப்பதிவு கிடையாது.

'அது நாற்பதுகள், ஐம்பதுகளின் ஸ்ரீரங்கம், அப்போது பெண்கள் எங்கே படித்தார்கள்' என்று உடனே பதில் வரும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி, சிலுவைக் கன்னியர் சபையினரால் 1923இல் தொடங்கப்பட்டது. இரண்டும் தெப்பக்குளத்தை ஒட்டியே இருக்கின்றன. நடந்தால் சில நிமிடம். சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி 1951இல் வந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1948இல்தான். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே மலைக்கோட்டை நிழலில் பெண்கள் கல்லூரி மணி அடித்துக்கொண்டிருந்தது. என் தெருவிலேயே அறுபதுகளில் பாலம் தாண்டிப் படித்துவிட்டு வந்த பாட்டிகள் இருக்கிறார்கள். பஸ்ஸில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் வீட்டுக்கு மொட்டைக் கடிதம் போனது என்பதையெல்லாம் அவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். அவர்கள் ஊரில் இருந்தார்கள். ஊரைப் பற்றிய புத்தகத்தின் பார்வைக் கோட்டில்தான் இல்லை.

*

கலாமின் புத்தகத்தில் கல்லூரிப் பக்கங்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே ஒரு கத்தோலிக்கக் கல்லூரி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் அத்தனையையும் சொல்லிவிடுகிறது. விடுதியில் ஒரே அறையில் மூன்று பேர். ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன், ஸ்ரீரங்கத்து ஆசார ஐயங்கார், கேரளத்துச் சிரியன் கிறித்தவர். மூவரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் சைவ மெஸ்ஸுக்குக் கலாமே செயலர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரியின் ரெக்டரைச் சாப்பிட அழைக்கிறார்கள். அவரும் வந்து பாராட்டிவிட்டுப் போகிறார்.

இந்த அறையை நான் பொய் என்று சொல்லவில்லை. இன்றைய இந்தியாவில் அப்படியொரு அறையை நினைத்தாலே ஏக்கமாக இருக்கிறது. ஆனாலும் விமர்சகர் அறையின் சுவரையும் தட்டிப் பார்க்க வேண்டும். மதங்கள் மூன்றும் ஒரு கூரையின் கீழ் வந்தபோது சாதியின் கடைசிப் படியில் இருந்த பையன் எந்த அறையில் இருந்தான்? சாதி கடந்த பந்தி ஏன் சைவ மெஸ்ஸின் பந்தியாக மட்டும் நினைவில் நிற்கிறது?

அதே புத்தகத்தில் இன்னொரு இடம் உண்டு. செயின்ட் ஜோசப்பை முடித்துவிட்டு எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்படுகிறது. தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தருகிறார். கலாம் நன்றியோடு பதிவு செய்கிறார், சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்டுக் கொடுப்பேன் என்று உறுதியும் எடுக்கிறார். ஜொஹரா என்ன படித்தார், படிக்க ஆசைப்பட்டாரா என்பது அந்தப் புத்தகத்தின் கவலையில் வரவில்லை. ஆணின் கல்லூரிக் கதைக்குள் பெண் வருவது இந்த வழியாகத்தான். சுஜாதாவிடம் தேவதையாக, கலாமிடம் நகையாக.

*

இப்போது திருச்சியைவிட்டுத் தெற்கே போக வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கக் கல்லூரியில் மாணவியாக இருப்பது என்றால் என்ன என்பதைத் தமிழில் எழுதியவர் விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியைச் சேர்ந்த பாமா. 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. தலித் தன்வரலாறு என்றும் திருச்சபை மீதான விமர்சனம் என்றும் வட்டார மொழியின் சாதனை என்றும் அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அது ஒரு கல்லூரிப் புத்தகமும்கூட என்பதுதான் நான் சொல்ல வருவது. அப்படி வாசிக்காததால்தான் நம் மாணவிகள் 'கல்லூரி நினைவுகள்' என்றால் சுஜாதாவையும் 'தலித் இலக்கியம்' என்றால் பாமாவையும் வெவ்வேறு அலகுகளில் படித்து வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

'கருக்கு'வில் கல்லூரிக்குள் நுழையும் இடத்திலும் நகை இருக்கிறது. படிப்பு பள்ளியோடு நின்றுவிடும் போலிருந்த நேரத்தில் ஒரு கன்னியாஸ்திரி ஊக்கம் கொடுக்கிறார். பெண்ணின் காதில் கிடந்தது பணமாகிறது. அந்தப் பணத்தில் கல்லூரி வாசல் திறக்கிறது. கலாமின் பக்கத்தோடு சேர்த்து வாசித்தால் வேறுபாடு தெரியும். அங்கே அக்காளின் தங்கம் தம்பியின் படிப்பாகிறது. இங்கே தன் காதில் கிடந்ததே தன் படிப்பாகிறது. அவளுக்காக அடகு வைக்க இன்னொருவர் கழுத்தில் எதுவும் இல்லை.

உள்ளே போன பிறகு நடப்பவற்றில் மூன்று காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் காட்சி வகுப்பறை. அரிஜன மாணவிகளுக்கு அரசு தனிப்பயிற்சி ஏற்பாடு செய்திருப்பதாக அறிவிக்கும் ஆசிரியை அவர்களை எழுந்து நிற்கச் சொல்கிறார். எழுந்ததும் சுற்றிலும் ஒரு சலசலப்பு. அவள் அந்தப் பயிற்சி வேண்டாம் என்று மறுத்துவிடுகிறாள். இரண்டாம் காட்சி விடுப்பு. தம்பி தங்கையின் புதுநன்மைக்கு ஊருக்குப் போக அனுமதி கேட்கிறாள். மற்றவர்களுக்குக் கிடைக்கும் அனுமதி அவளுக்கு மறுக்கப்படுகிறது. உங்கள் சாதியில் அதற்கென்ன பெரிய கொண்டாட்டம் என்பதுதான் மறுப்பின் சாரம். வாதாடித்தான் அந்த விடுப்பை வாங்குகிறாள். மூன்றாம் காட்சி கடைசி ஆண்டு விருந்து. உடுத்திக்கொள்ள நல்ல புடவை இல்லை. விருந்து முடியும்வரை குளியலறையில் ஒளிந்துகொள்கிறாள்.

இந்த மூன்றிலும் கல்லூரி அவளை வெளியே தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். சேர்க்கை மறுக்கப்படவில்லை, படிப்பும் மறுக்கப்படவில்லை. எழுந்து நிற்கச் சொன்ன ஆசிரியைகூட உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். நிறுவனத்தின் ஆவணங்களில் இந்தப் பெண் ஒரு வெற்றிக் கதை. 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று ஆண்டறிக்கையில் ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள் என்பதை ஆண்டறிக்கை எழுதாது. அதை எழுத 'கருக்கு' வேண்டியிருந்தது.

ஒரு கல்விக்கூடத்தை எப்படி மதிப்பிடுவது என்பதற்கான அளவுகோலை இந்தப் புத்தகம் தருகிறது. யாரை உள்ளே விட்டார்கள் என்ற கேள்வியோடு நிற்காமல், உள்ளே வந்தவள் எந்த அறிவிப்புக்கு எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது, எந்த விடுப்புக்கு மன்றாட வேண்டியிருக்கிறது, எந்த விழாவில் காணாமல் போகிறாள் என்று பார்க்கச் சொல்கிறது. சுஜாதாவையும் கலாமையும் படித்துவிட்டு இந்த அளவுகோலை ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது.

*

அளவுகோலை எடுத்துக்கொண்டு திருச்சிக்குத் திரும்பலாம். இந்த ஊரில் கத்தோலிக்கரின் சாதி ஒளிந்து கிடக்கவில்லை. மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் ஊரறிந்தது. அதை இடிக்கக் கேட்டுப் போராட்டங்கள் நடந்ததும் ஊரறிந்தது. செத்தவர்களுக்கே சுவர் என்றால் படிக்கிறவர்களுக்கு? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறித்தவர் பட்டியல் சாதிக்குள் வருவதில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். சிறுபான்மை நிறுவனம் நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தருகிறது. 2005இன் 93ஆவது திருத்தம் தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்தபோது சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. அந்த உரிமையை நான் மதிக்கிறேன், இன்றைய அரசியலில் அதைக் காக்கவும் வேண்டும். ஆனால் சிறுபான்மைக்குள்ளே இருக்கும் சிறுபான்மைப் பெண் தன் உரிமையை எந்தப் பிரிவின் கீழ் கேட்பாள்?

இன்னொரு சொல்லையும் பார்க்கலாம். திருச்சியில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்று பெயர்ப்பலகை கிடையாது. இருப்பவை பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தன்னாட்சிக் கல்லூரிகள். செயின்ட் ஜோசப் 1978இலேயே தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கலாம், தேர்வைத் தாங்களே நடத்தலாம். வாசல் பலகையில் கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தன்னாட்சி' என்று எழுதியிருக்கும். அந்த வாசலுக்குள் நுழையும் பெண்ணின் தன்னாட்சியும் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

நான் சொல்வது ஏதோ ஒரு கல்லூரியைப் பற்றி அல்ல. இந்த மாவட்டத்தில் சபை நடத்துவது, அறக்கட்டளை நடத்துவது, ஆதீனம் நடத்துவது என்று எந்தப் பெண்கள் விடுதிக்கும் இது பொருந்தும். துப்பட்டாவின் இரு பக்கமும் ஊக்கு. ஆறு மணிக்கு கேட். அவுட்பாஸில் அப்பா கையெழுத்து. அம்மா கையெழுத்து போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட மாணவிகளை எனக்குத் தெரியும். வைகுண்ட ஏகாதசிக்கு மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை. மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒருத்தி தன் ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் கேட்டபோது, அங்கென்ன பெரிய திருவிழா என்று கேட்டதாகச் சொல்லி அழுதாள். எந்த விடுதி என்று எழுதப் போவதில்லை. 'கருக்கு' வந்து முப்பது வருடம் கழிந்த பிறகும் வார்டனின் வாக்கியம் மாறவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். உதவித்தொகைப் பட்டியல்கூட இப்போது வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சாதிப் பிரிவோடு வந்து விழுகிறது. எழுந்து நிற்கச் சொல்லத் தேவையே இல்லை.

கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கே உரிய ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்க மாணவிகள் மறைக்கல்விக்கு, மற்றவர்கள் நன்னெறிக்கு. மதச் சுதந்திரத்தின் பார்வையில் இது நாகரிகமான ஏற்பாடு. யாரும் யாரையும் மதம் மாற்றவில்லை. ஆனால் அந்த மணி நேரத்தில் ஒரு வகுப்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது. தலித் கிறித்தவப் பெண் மறைக்கல்வி வரிசையில் நடக்கும்போது அவளை இரண்டு கண்கள் பார்க்கின்றன. ஒன்றுக்கு அவள் கிறித்தவள். வரிசைக்குள்ளேயே இருக்கும் மற்றதற்கு அவள் இன்ன தெரு. இந்த மணி நேரத்தைப் பற்றித் தமிழில் ஒரு சிறுகதை நான் படித்ததில்லை.

*

இவ்வளவு சொன்ன பிறகு கன்னியரைப் பற்றிப் பேசாமல் போனால் அது நேர்மையாகாது. நம் ஊர்களில் பெரும்பாலான பெண்கள் முதன்முதலில் பார்த்த அதிகாரமுள்ள பெண் ஒரு சிஸ்டர்தான். கணவர் பெயரைப் போடாமல் கையெழுத்துப் போட்டவர். கட்டடம் கட்டியவர், கணக்குப் பார்த்தவர், கலெக்டரிடம் நேரில் போய்ப் பேசியவர். பள்ளி நாளில் 'நான் மதர் மாதிரி ஆகணும்' என்று சொல்லாத பெண் குறைவு. அந்த ஆசை பெரும்பாலும் துறவறத்தின் மேல் இருந்ததில்லை. அந்த நாற்காலி மேல் இருந்தது. கல்யாணம் செய்யாமல், பிள்ளை பெறாமல், பரிதாபத்துக்கும் ஆளாகாமல் ஒரு பெண் வாழ முடியும் என்பதற்கு அவர்களே கண்முன் இருந்த சாட்சி. தமிழ்ப் பெண்ணியம் ஔவையையும் ஆண்டாளையும் காரைக்கால் அம்மையாரையும் மறுபடி மறுபடி வாசித்திருக்கிறது. நம் பட்டங்களுக்குக் காரணமான இந்தப் பெண்களை ஏறக்குறைய வாசிக்கவே இல்லை.

அதே பெண்கள்தான் கேட்டில் நின்று துப்பட்டாவைச் சரிசெய்யச் சொன்னார்கள். பாமாவைக் கல்லூரிக்கு அனுப்பியவரும் கன்னியாஸ்திரி. ஊருக்குப் போக விடாத விடுதி நிர்வாகமும் கன்னியருடையது. இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்ததுதான் பாமாவின் நேர்மை. இருபுறமும் அறுக்கும் பனங்கருக்கைத் தலைப்பாக வைத்தவருக்கு ஒருபுறம் மட்டும் அறுக்கும் விமர்சனம் போதாது. அவரே சபையில் சேர்ந்து, ஏழு ஆண்டு இருந்து, ஏழைகளுக்கென்று போன இடத்தில் வசதியானவர்களின் பிள்ளைகளுக்கே கல்வி சென்றதைப் பார்த்து, வெளியேறியவர். வெளியிலிருந்து கல்லெறிகிறவர் என்று அவரை யாரும் ஒதுக்க முடியாது.

பெண்ணுக்கு நிறுவனத்தில் கிடைக்கும் அதிகாரம், வேறு பெண்களை அடக்கி வைக்கும் பொறுப்போடு சேர்த்தே தரப்படுகிறது. ஆணாதிக்கம் கேட்டில் காவல் நிற்பதற்கு எப்போதும் பெண்ணையே நியமிக்கும். அந்த வேலையைப் பார்க்கும் சிஸ்டரிலிருந்து துறைத் தலைவி வரை, என்னையும் சேர்த்துத்தான், இது பொருந்தும். வருகைப்பதிவேடு என் கையில் இருக்கிறது. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனவள் ஏன் போனாள் என்று கேட்க எனக்கு நேரமிருக்கிறதா என்பதுதான் என் பெண்ணியத்தின் தேர்வு.

2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை, என்று விடுதி நேரக் கட்டுப்பாட்டுக்கு எதிராகத் தெருவுக்கு வந்தார்கள். நம் மாணவிகளிடம் அதைப் பேசும்போது கண்கள் மின்னும், உடனே அடங்கும். "அப்படிக் கேட்டா வீட்டுல படிப்பையே நிறுத்திருவாங்க மேடம்" என்பார்கள். அந்தப் பயம் கற்பனை அல்ல. இதே திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பதின்ம வயதின் தொடக்கத்தில் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர் கவிஞர் சல்மா. கூண்டு இரண்டு அடுக்காக இருக்கிறது. விடுதியின் கேட்டை அசைத்தால் வீட்டின் கதவு மூடிக்கொள்ளும் என்று தெரிந்தே பெண்கள் பேசாமல் இருக்கிறார்கள். நிறுவனங்களுக்கும் இது தெரியும். 'பெற்றோர் கேட்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடு' என்ற வாக்கியம் அங்கிருந்துதான் வருகிறது. வீடும் விடுதியும் ஒன்றையொன்று காரணம் காட்டிக்கொண்டிருக்க, நடுவில் நிற்கிறவள் ஆறு மணிக்குள் ஓடி வருகிறாள்.

அதனால்தான் புத்தகங்கள் முக்கியம் என்று நினைக்கிறேன். தெருவுக்கு வர முடியாதவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு புத்தகம் இருக்க முடியும். தொட்டியத்தில் வளர்ந்த எழுத்தாளர் லட்சுமி மருத்துவக் கல்லூரிச் செலவைச் சமாளிக்க விகடனில் கதை எழுதத் தொடங்கினார். நகையை அடகு வைக்காமல் எழுத்தை வைத்துப் படித்த பெண்ணும் இந்த மாவட்டத்தில் இருந்திருக்கிறார். அந்த வரிசையைத் தேடி எடுக்கவும் புதிதாக எழுதவும் வேண்டும். திருச்சிப் பெண்கள் கல்லூரி பற்றி, ஒரு மெஸ் பற்றி, ஒரு மறைக்கல்வி மணி நேரம் பற்றி, பிரிவு உபசார நாளில் வராமல் போனவளைப் பற்றி. எழுதப்போவது தேவதைகள் அல்ல, ரோல் நம்பர் உள்ள பெண்கள்.

தன்னாட்சிக் கல்லூரியில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் யாராவது முன்மொழிந்தால் அடுத்த ஆண்டே புத்தகம் மாறும். இந்த முறை ஒரே அலகில் மூன்றையும் வைக்கக் கேட்கப் போகிறேன். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' சில கதைகள், 'அக்னிச் சிறகுகள்' கல்லூரிப் பகுதி, 'கருக்கு' முழுவதும். அலகின் தலைப்பு 'தலித் இலக்கியம்' என்றோ 'வட்டார இலக்கியம்' என்றோ இருக்காது. 'கல்லூரி' என்று மட்டும் இருக்கும்.